நம் கிணற்று எண்ணெய்க்கு விலை வைப்பது யார்?

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனில் ஒரு வாரம் பெட்ரோல் கிடைக்கவில்லை. விலை உயர்வைத் தாங்க முடியாத லாரிக்காரர்களும் விவசாயிகளும் ஸ்டான்லோ சுத்திகரிப்பு ஆலையின் வாசலை மறித்தார்கள். போராட்டம் மற்ற ஆலைகளுக்கும் பரவியது. சில நாட்களில் நாட்டின் பெரும்பாலான பெட்ரோல் பங்குகள் காலியாகிவிட்டன. மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும் நிலை வந்தது. அப்போது அங்கே ஒரு லிட்டர் பெட்ரோல் 80 பென்ஸை ஒட்டி இருந்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வரி.

இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதற்குக் காரணம் போராட்டம் அல்ல, அது நடந்த காலம். அதற்கு முந்தைய வருடம், 1999ல், வட கடலில் பிரிட்டனின் எண்ணெய் உற்பத்தி அதன் வரலாற்று உச்சத்தைத் தொட்டிருந்தது. தினமும் 25 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தார்கள். தன் தேவை போக மிச்சத்தை ஏற்றுமதி செய்த நாடு அது. சொந்தக் கடலில், சொந்தக் கிணற்றில், சொந்த நிறுவனங்கள் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தபோதே அந்த நாட்டு லாரிக்காரருக்கு டீசல் கட்டுப்படியாகவில்லை. பிறகு அவருக்கு ஓரளவு நிவாரணம் கிடைத்தது. அது கடலிலிருந்து வரவில்லை. நவம்பரில் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் எரிபொருள் வரியை உயர்த்தாமல் நிறுத்திவைத்ததால் வந்தது.

நம் ஊரிலும் விலை ஏறும்போதெல்லாம் அதே எதிர்பார்ப்பு எழுகிறது. மும்பைக் கடலிலும் ராஜஸ்தான் பாலைவனத்திலும் காவிரி டெல்டாவிலும் எண்ணெய் இருக்கிறதே, இன்னும் நிறையத் தோண்டினால் என்ன, பெட்ரோல் விலை இறங்காதா? கேள்வி நியாயமானது. தேவையில் 88 சதவீதத்தை இறக்குமதி செய்யும் நாட்டில் இது எழாவிட்டால்தான் வியப்பு. ஆனால் இதற்கான பதில் பூமிக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதில் இல்லை. எடுத்த எண்ணெய் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பவர் தன் தேங்காயைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்பதற்காகப் பாதி விலைக்குக் கொடுப்பதில்லை. காங்கேயத்தில் கொப்பரை என்ன விலை போகிறதோ அதை வைத்துத்தான் அவரும் பேசுவார். கப்பலில் ஏற்றி எங்கும் கொண்டுபோகக்கூடிய கச்சா எண்ணெய்க்கும் இதே நியதிதான். அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. மும்பைக் கடலில் எடுக்கும் பீப்பாயை இந்திய சுத்திகரிப்பு ஆலைகள் வாங்குகின்றன. அந்தப் பீப்பாயின் விலை, அதே தரமுள்ள எண்ணெய் உலகச் சந்தையில் என்ன விலையோ அதை ஒட்டியே பேசப்படுகிறது. எடுக்க எவ்வளவு செலவாயிற்று என்பது அந்தப் பேச்சில் வராது.

அடுத்த படியிலும் இதே கதை. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளியே வரும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இந்தியாவில் விலை வைக்கும் முறையில், அவற்றை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தால் என்ன விலை ஆகும், இங்கிருந்து ஏற்றுமதி செய்தால் என்ன விலை கிடைக்கும் என்ற இரண்டையும் கலந்து கணக்குப் போடுகிறார்கள். இறக்குமதி விலைக்கு 80 பங்கு, ஏற்றுமதி விலைக்கு 20 பங்கு. 2006 முதல் இதுவே அடிப்படை. ஆக, உள்ளே போன கச்சா எண்ணெய் ராஜஸ்தானின் பார்மரில் எடுத்ததா, ஈராக்கின் பஸ்ராவில் வாங்கியதா என்பது வெளியே வரும் பெட்ரோலின் விலையில் தெரியாது.

இது எவ்வளவு உண்மை என்பதற்கு 2022ஐப் போல் தெளிவான சாட்சி வேறு இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 120 டாலரைத் தாண்டியது. ஏப்ரலில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு. வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் தவித்த அதே நேரத்தில் இந்தியக் கிணறுகளில் என்ன நடந்தது? எண்ணெய் எடுக்கும் செலவு பெரிதாக மாறவில்லை. எடுத்த அளவும் மாறவில்லை. விற்ற விலை மட்டும் உலக விலையோடு சேர்ந்து ஏறியது. மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஓ.என்.ஜி.சி.யின் நிகர லாபம் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதுவரை அந்த நிறுவனம் காணாத லாபம். 2022 ஜூலை 1 அன்று மத்திய அரசு உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மீது டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி விதித்தது. எதிர்பாராமல் கொட்டிய லாபத்தில் பங்கு கேட்கும் வரி அது. உள்நாட்டு எண்ணெய் உள்நாட்டு விலையில் விற்கப்பட்டிருந்தால் அப்படி ஒரு வரிக்கே இடமிருந்திருக்காது. அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போயிற்று. பங்கில் நின்றவருக்கு லிட்டருக்கு ஒரு காசுகூடக் குறையவில்லை.

அதே நாளில் பெட்ரோல், டீசல் ஏற்றுமதிக்கும் வரி போட்டார்கள். வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால் தனியார் ஆலைகள் அங்கே விற்கவே விரும்பின, உள்ளூரில் சில தனியார் பங்குகள் விற்பனையைக் குறைத்தன என்பதே காரணம். எண்ணெய்க்கு ஊர்ப்பாசம் கிடையாது என்பதை அந்த ஒரே நாளின் இரண்டு ஆணைகள் காட்டிவிட்டன.

இப்போது, உற்பத்தியைக் கூட்டி உலக விலையையே இறக்கிவிட முடியாதா என்று கேட்கலாம். முடியும், அளவு போதுமானதாக இருந்தால். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 1 டாலர் மாறும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 53 காசு மாறும். இந்தியாவின் மொத்த உற்பத்தி இன்று தினமும் சுமார் 6 லட்சம் பீப்பாய். உலகம் தினமும் செலவழிப்பது 10 கோடி பீப்பாய்க்கு மேல். நாளைக் காலையில் ஏதோ அதிசயம் நடந்து இந்தியாவின் உற்பத்தி அப்படியே இரண்டு மடங்காகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உலகச் சந்தைக்கு வரும் எண்ணெய் 0.6 சதவீதம் கூடும். விநியோகம் 1 சதவீதம் கூடினால் விலை 5 சதவீதம் இறங்கும் என்று மிகவும் தாராளமாகவே கணக்கிட்டாலும், 80 டாலர் பீப்பாய் சுமார் 2 டாலர் 40 சென்ட் குறையும். லிட்டருக்கு 1 ரூபாய் 30 காசுக்கும் கீழே. அதுவும் உலகில் உள்ள எல்லா நாட்டுக்காரர்களுக்கும் சேர்த்து.

அந்த 1 ரூபாயும் நிலைக்குமா என்பது சந்தேகம். எண்ணெய் ஏற்றுமதி செய்யும் ஓபெக் நாடுகளும் ரஷ்யாவும் சேர்ந்த கூட்டணி 2022 அக்டோபரில் ஒரே கூட்டத்தில் தினசரி உற்பத்தி இலக்கை 20 லட்சம் பீப்பாய் குறைக்க முடிவெடுத்தது. நாம் அதிசயத்தால் கூட்டிய அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அது. விலை இறங்குவது பிடிக்காவிட்டால் குழாயைத் திருகிவிடும் வசதி அவர்களிடம் இருக்கிறது.

உற்பத்தியை இரண்டு மடங்காக்குவது என்பதே எவ்வளவு தூரத்துக் கனவு என்பதையும் பார்க்க வேண்டும். பூமிக்குள் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதில்லை. மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில், நீரோடும் வாயுவோடும் கலந்து, பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. கிணறு தோண்டியதும் அந்த அழுத்தம்தான் எண்ணெயைத் துளையிலிருந்து துளைக்குத் தள்ளிக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. எடுக்க எடுக்க அழுத்தம் தணியும். அப்போது பக்கத்துக் கிணறுகள் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி மீதி எண்ணெயைத் தள்ளுவார்கள். சில வருடங்களில் அந்தத் தண்ணீரே எண்ணெயோடு கலந்து மேலே வரத் தொடங்கும். வருடம் போகப் போகத் தண்ணீர் கூடும், எண்ணெய் குறையும். பாறையில் இருக்கும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டாலே நல்ல வயல் என்பார்கள் பொறியாளர்கள்.

மும்பை ஹை இதற்கு நம் கண்முன்னே இருக்கும் பாடம். மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், 'சாகர் சாம்ராட்' என்ற தோண்டும் மேடை 1974 பிப்ரவரியில் அங்கே எண்ணெயைக் கண்டது. 1976 மே மாதமே உற்பத்தி தொடங்கியது. இரண்டே ஆண்டு, அதுவும் அந்தக் காலத்தில். இன்றும் அது பெருமைப்பட வேண்டிய சாதனை. 1980களின் நடுவில் நாட்டின் எண்ணெய்த் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு உள்நாட்டிலிருந்தே கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தத் தன்னிறைவை நாம் கண்டதே இல்லை. அந்தப் பொற்காலத்தில் பெட்ரோல் விலை இறங்கியதா? இல்லை. அன்று விலையை அரசே நிர்ணயித்தது. ஒவ்வொரு சில வருடத்துக்கும் அரசு ஆணையில் விலை ஏறிக்கொண்டேதான் வந்தது.

அந்த வயல் இன்றும் நாட்டின் மிகப் பெரிய எண்ணெய் வயல்தான். ஆனால் முதுமையடைந்துவிட்டது. 2025 ஜனவரியில் அதன் உற்பத்திச் சரிவைத் தடுத்து உயர்த்த உதவும்படி ஓ.என்.ஜி.சி. பிரிட்டனின் பி.பி. நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் மங்களா வயலைக் கண்டது 2004ல். எண்ணெய் வந்தது 2009 ஆகஸ்டில். அங்கே கிடைத்த எண்ணெயில் மெழுகு மிகுதி. சாதாரண வெப்பநிலையில் உறைந்துவிடும். அதனால் குஜராத் கடற்கரை வரை 600 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, வழி நெடுக அதைச் சூடாக்கிக்கொண்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் தினமும் 2 லட்சம் பீப்பாய் அளவுக்கு வந்த எண்ணெய் பிறகு பாதிக்கும் கீழே போய்விட்டது.

கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடலில் இன்னும் மெதுவான கதை. காக்கிநாடாவுக்கு அப்பால் உள்ள கே.ஜி. 98/2 தொகுதியின் பெரும் பங்கை ஓ.என்.ஜி.சி. 2005ல் வாங்கியது. வளர்ச்சித் திட்டத்துக்கு முதலீட்டு ஒப்புதல் கிடைத்தது 2016ல். பல முறை கெடு தள்ளிப்போய், முதல் எண்ணெய் வந்தது 2024 ஜனவரி 7 அன்று. முழு வேகத்தில் போனால் தினமும் 45,000 பீப்பாய் என்பது எதிர்பார்ப்பு. நாட்டின் தேவை தினமும் 50 லட்சம் பீப்பாய்க்கு மேல். அதாவது, 19 வருட உழைப்பின் பலன் தேவையில் 1 சதவீதத்துக்கும் கீழ். அங்கே வேலை செய்த பொறியாளர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆழ்கடல் அப்படிப்பட்டது. இன்று விலை ஏறியிருக்கிறது என்பதற்காக இன்று தோண்டத் தொடங்கினால், எண்ணெய் வரும்போது எந்த விலை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இடைப்பட்ட காலத்தில் பழைய வயல்கள் சும்மா இருப்பதில்லை, வற்றிக்கொண்டே வருகின்றன. 2011-12ல் இந்தியாவின் கச்சா எண்ணெய் உற்பத்தி 3.8 கோடி டன். 2024-25ல் 2.9 கோடி டன்னுக்கும் சற்றுக் கீழ். இடையில் புதிய ஏலங்கள் நடந்தன, 2016ல் புதிய கொள்கை வந்தது, புதிய கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்வளவும் செய்தும் சரிவின் வேகத்தைத்தான் குறைக்க முடிந்தது. புதுக் கிணறுகளில் பெரும்பாலானவை பழைய கிணறுகள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பவே தோண்டப்படுகின்றன.

தோண்டினால் விலை குறையும் என்ற கருத்துக்கு உலகிலேயே மிகப் பெரிய பரிசோதனை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அதன் முடிவை நேர்மையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் பேசுகிறது.

2008ல் அங்கே எரிபொருள் விலை உச்சத்தில் இருந்தபோது, தோண்டு தோண்டு என்பதே தேர்தல் கோஷமாயிற்று. அலாஸ்காவின் வடகோடியில் உள்ள வனவிலங்குக் காப்பகத்தைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் முகமையே அந்த ஆண்டு அதைக் கணக்கிட்டுப் பார்த்தது. அனுமதி கொடுத்தால் எண்ணெய் வர ஏறத்தாழ 10 வருடம் ஆகும். உச்சத்தில் தினமும் 7 லட்சத்து 80 ஆயிரம் பீப்பாய் கிடைக்கலாம். இது இந்தியாவின் இன்றைய மொத்த உற்பத்தியைவிட அதிகம். அதனால் 2025 வாக்கில் உலக விலை பீப்பாய்க்குச் சுமார் 75 சென்ட் குறையும். நம் கணக்கில் லிட்டருக்கு 40 காசு. அதையும் ஓபெக் நினைத்தால் சமன் செய்துவிடலாம் என்று அந்த அறிக்கையே எச்சரித்தது. பின்னர் சட்டம் வந்து அந்த நிலத்தை ஏலம் விட்டபோது, 2021 ஜனவரியில் பெரிய எண்ணெய் நிறுவனம் எதுவும் வரவில்லை. 2025 ஜனவரியில் ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை.

ஆனால் அலாஸ்காவுக்கு வெளியே வேறொன்று நடந்தது. டெக்சாஸிலும் வடக்கு டகோட்டாவிலும் களிப்பாறைக்குள் கிடைமட்டமாகத் துளையிட்டு, நீரையும் மணலையும் உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியது. 2008ல் தினமும் 50 லட்சம் பீப்பாயாக இருந்த அமெரிக்க உற்பத்தி, 2024ல் 1 கோடியே 32 லட்சம் பீப்பாயாயிற்று. எந்த நாடும் எந்தக் காலத்திலும் எடுக்காத அளவு. இந்த வெள்ளம் உலக விலையை அசைக்கத்தான் செய்தது. 2014 ஜூனில் 115 டாலராக இருந்த பிரெண்ட், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அமெரிக்கக் களிப்பாறை எண்ணெய் முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. தோண்டினால் விலை ஒருபோதும் குறையாது என்று சொல்வோருக்கு இது சரியான மறுப்பு.

அப்படிக் குறைந்த விலை என்ன செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2014 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் எண்ணெய்க்காக இயங்கிக்கொண்டிருந்த தோண்டும் கோபுரங்கள் சுமார் 1,600. 2016 மே மாதத்தில் எஞ்சியவை 320க்கும் குறைவு. விலை விழுந்ததும் லாபம் போயிற்று, லாபம் போனதும் தோண்டுவது நின்றது, கம்பெனிகள் பல திவாலாயின. களிப்பாறைக் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும் தன்மை உடையது என்பதால், தோண்டுவது நின்றதும் உற்பத்தியும் சரிந்தது. மலிவான எண்ணெய்க்காக யாரும் நஷ்டத்தில் தோண்டமாட்டார்கள்.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. அந்த 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. உலகமே கண்டிராத ஒரு தோண்டல் அலை பீப்பாய் விலையைக் கால் பங்காக்கியபோது, அந்தப் பலனில் பெரும்பகுதி பங்கின் மீட்டரை எட்டவில்லை. 2020லும் அதுவே நடந்தது. கொரோனா முடக்கத்தில் எண்ணெய் விலை தரைக்கு வந்தது. மே மாதம் ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏறியது. அரசுக்குப் பணத் தேவை இருந்தது என்பது உண்மை. ஆனாலும், உலக விலை இறங்கினால் நமக்கு இறங்கும் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு அனுபவங்களும் உடைத்துவிட்டன என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்கர்களின் கதியையும் பாருங்கள். 2022 ஜூனில் அந்த நாடு உலகின் முதல் எண்ணெய் உற்பத்தியாளர். கச்சா எண்ணெயும் எரிபொருளும் சேர்த்துப் பார்த்தால் இறக்குமதியைவிட ஏற்றுமதி அதிகம். அந்த மாதம் அங்கே பெட்ரோல் வரலாற்றிலேயே முதல் முறையாகக் காலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. அன்றைய மாற்று விகிதத்தில் லிட்டருக்கு 103 ரூபாய் அளவு. அதே மாதம் சென்னையில் 102 ரூபாய் 63 காசு. வரி மிகக் குறைவாக உள்ள நாட்டிலும் நம் விலைதான். கச்சா எண்ணெய் விலையோடு இன்னொரு முடிச்சும் அப்போது விழுந்திருந்தது. கொரோனா காலத்தில் பல சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டிருந்தன. கச்சா எண்ணெயை யாரும் வண்டியில் ஊற்ற முடியாது. பெட்ரோலாக மாற்றும் ஆலை இல்லாவிட்டால் கிணறு நிறைய எண்ணெய் இருந்தும் பயனில்லை.

கயானா இதைவிட நல்ல உதாரணம். தென் அமெரிக்காவின் சிறிய நாடு, மக்கள்தொகை 8 லட்சம். 2015ல் அதன் கடலில் பெரும் எண்ணெய்வளம் கண்டுபிடிக்கப்பட்டது. 2019 டிசம்பரிலேயே உற்பத்தி தொடங்கிவிட்டது. இன்று தினமும் தலைக்கு ஒரு பீப்பாய் கணக்கில் எண்ணெய் எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்தமானில் இப்படி ஒன்று கிடைக்கலாம் என்று நம் அமைச்சர்களே ஆசையோடு சொல்வது இந்த நாட்டை வைத்துத்தான். அங்கே சுத்திகரிப்பு ஆலை கிடையாது. எடுத்த எண்ணெய் அப்படியே கப்பலேறிப் போகிறது, வண்டிக்கான பெட்ரோல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022ல் விலை எகிறியபோது மக்களைக் காக்க அந்த அரசு எரிபொருள் மீதான கலால் வரியைப் பூஜ்யமாக்கியது. எண்ணெய் வருமானம் இருந்ததால் அப்படிச் செய்ய மனம் வந்தது என்று சொன்னால் அதை ஒப்புக்கொள்வேன். குறைத்தது வரிதான்.

சரி, உள்நாட்டு எண்ணெய் உண்மையாகவே டீசல் விலையைத் தாங்கிப்பிடித்த காலம் நம்மிடம் ஒன்று உண்டு. 2013ஐ ஒட்டிய வருடங்கள் அவை. டீசல், சமையல் காஸ், மண்ணெண்ணெய் மூன்றையும் அடக்க விலைக்குக் கீழே விற்கச் சொன்னது அரசு. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை ஓ.என்.ஜி.சி. ஏற்க வேண்டும் என்று விதித்தது. உலகச் சந்தையில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் போன காலத்தில், அந்தத் தள்ளுபடி போக அந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது பாதிக்கும் குறைவு. 2012-13ல் மட்டும் அது கொடுத்த தள்ளுபடி 49,000 கோடி ரூபாய்க்கு மேல். அதாவது, நம் கிணற்று எண்ணெயை நமக்கு மலிவாகக் கொடுக்க முடியும், அரசு அப்படி ஆணையிட்டால். அதற்கான விலையும் உண்டு. புதிய வயல்களைத் தேட வேண்டிய பணம் மானியத்தில் கரைந்தது. கார் வைத்திருப்பவரும் ஜெனரேட்டர் ஓட்டும் ஆலையும் அதே மலிவு டீசலை வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போயிற்று. அன்றோடு உள்நாட்டு எண்ணெய்க்கும் பங்கின் விலைப்பலகைக்கும் இருந்த கடைசித் தொடர்பும் அறுந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு உள்நாட்டு உற்பத்தி வீண் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு பீப்பாயும் டாலரை மிச்சப்படுத்துகிறது. 1990ல் வளைகுடாப் போர் மூண்டு எண்ணெய்ச் செலவு ஏறியபோது அந்நியச் செலாவணி கரைந்து, மறு வருடம் தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்கு நாடு போனதை மறக்கக் கூடாது. மும்பை ஹை மட்டும் இல்லாதிருந்தால் அந்த அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும். ஹோர்முஸ் நீரிணை வழியாக வரும் கப்பல்களை நம்பியிருக்கும் நாட்டுக்குச் சொந்தமாக ஓரளவு எண்ணெய் இருப்பது பாதுகாப்பு. உரிமைத்தொகையும் வரியும் மாநிலங்களுக்கும் மையத்துக்கும் வருகின்றன. பல்லாயிரம் பேருக்கு வேலை இருக்கிறது. இவையெல்லாம் தோண்டுவதற்கான நல்ல காரணங்கள். பங்கில் விலை குறையும் என்பது மட்டும் இந்த வரிசையில் சேராது.

காவிரி டெல்டாவைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு மிக முக்கியமாகிவிடுகிறது. நரிமணத்திலும் அதைச் சுற்றியும் 1980களிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பனங்குடியில் 1993ல் ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலையே அதற்காக வந்தது. தமிழ்நாட்டு நிலத்திலிருந்து இன்று கிடைக்கும் கச்சா எண்ணெய் ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கும் கீழ். இந்திய ஆலைகள் ஆண்டுக்குச் சுத்திகரிப்பது 26 கோடி டன்னை ஒட்டி. 0.2 சதவீதம்கூட வரவில்லை. பனங்குடியில் திட்டமிட்டிருக்கும் புதிய ஆலையின் திறன் ஆண்டுக்கு 90 லட்சம் டன். டெல்டா முழுவதும் எடுத்துக் கொடுத்தாலும் அதன் பதினைந்தில் ஒரு பங்கு நிறையாது. மீதி கப்பலில்தான் வர வேண்டும்.

2017ல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கசிந்ததும், நெடுவாசலில் இத்தகைய திட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் மக்கள் உட்கார்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அங்கே புதிய கிணறு வேண்டுமா வேண்டாமா என்பதில் அறிவியலும் வாழ்வாதாரமும் நிலத்தடி நீரும் சேர்ந்த நீண்ட விவாதம் இருக்கிறது. அதைத் தகுந்த தரவுகளோடு நடத்தலாம். ஆனால் "உங்கள் வயலைக் கொடுத்தால் நாட்டுக்குப் பெட்ரோல் மலிவாகும்" என்று ஒரு விவசாயியிடம் சொல்வது உண்மையல்ல. அந்த வாதத்தை மேடையிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

விலை குறைய வேண்டும் என்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் கையில் இருக்கும் ரசீது. 2025ல் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 101 ரூபாய். அதில் மத்தியக் கலால் வரி 21 ரூபாய் 90 காசு. மாநில வாட் வரி 13 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். இரண்டையும் கூட்டினால் அப்போது 40 ரூபாயைத் தாண்டியது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வரியில் 3 ரூபாய் குறைத்தபோது மறுநாளே பங்கில் 3 ரூபாய் குறைந்தது. இந்தியாவின் உற்பத்தியை இரட்டிப்பாக்கும் அந்தக் கற்பனை அதிசயம் தரக்கூடியதைவிட இரண்டு மடங்கு அது. வரியைக் குறைத்தால் அந்தப் பணத்துக்கு வேறு வழி தேட வேண்டும் என்பதும் உண்மை. பள்ளிக்கும் சாலைக்கும் போகும் பணம் அது. அதைக் குறைப்பதா, எவ்வளவு குறைப்பது, அல்லது பேருந்தையும் மின்சார வண்டியையும் பெருக்கி எண்ணெய்த் தேவையையே குறைப்பதா என்று வாதிடலாம். அது விடை காணக்கூடிய வாதம்.

அடுத்த முறை தேர்தல் மேடையிலோ தொலைக்காட்சியிலோ யாராவது நம் மண்ணில் எண்ணெய் எடுத்தால் விலை குறையும் என்றால், ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அந்த எண்ணெயை எந்த விலைக்கு விற்கப் போகிறீர்கள்? உலக விலைக்கு என்றால் நமக்கு ஒன்றும் குறையாது. அதற்குக் கீழே என்றால், வித்தியாசத்தை யார் கொடுப்பது என்று சொல்லச் சொல்லுங்கள்.